முன்னால் ஆடுகிறவர் வழிவிட வேண்டும்

கோல்ஃப் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. முன்னால் ஆடிக்கொண்டு போகிறவர்கள் மெதுவாகப் போனால், பின்னால் வருகிறவர்களைக் கையசைத்து முன்னே போகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பந்தைத் தொலைத்துவிட்டால் ஐந்து நிமிஷம்தான் தேடலாம். தேடும்போதே பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிட்டுவிட வேண்டும். இதைவிட நியாயமான விதி எந்த ஆட்டத்திலும் கிடையாது என்று ஒரு காலத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் பீடி சுற்றுகிறவரிடம்கூடச் சொன்னேன். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "வழி வுடலன்னா இன்னா பண்ணுவாங்கோ?"

நான் வைத்திருந்த விதிப் புத்தகத்தில் அது இல்லை. பிறகு எண்ணூரில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

பள்ளிக்கூடம் முடித்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் எனக்கு இந்த ஆட்டத்துப் பைத்தியம் பிடித்தது. கம்பெனி வேலையாக எண்ணூருக்குப் போனபோது உப்பளத்துக்கு அப்பால் ஒரு துரை பந்தை அடிப்பதைப் பார்த்தேன். அது வெண்கொக்கு மாதிரி எழும்பி, கால்வாயைத் தாண்டி, நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. அன்றைக்குச் சாயந்தரமே மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய மட்டைகள் மூன்று வாங்கினேன். ஒன்றின் தலை ஆடும். கோந்து போட்டு நூல் சுற்றிக்கொண்டேன். விடிவதற்கு முன் ராயபுரம் கடற்கரையில் அடித்துப் பழகினேன். நாய்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும், நான் நாயின் பின்னால் ஓடுவேன், கட்டுமரம் தள்ளுகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமே இருக்காது. எது கற்றாலும் வேகமாகக் கற்றுவிட வேண்டும், அதுதான் என் சுபாவம்.

எண்ணூர் மைதானத்தில் வாரநாட்களில், துரைகள் எழுந்திருக்கும் முன்பு, கம்பெனி இந்தியர்கள் ஆடிக்கொள்ளலாம் என்று ஓர் அனுமதி இருந்தது. யாரும் அதை உபயோகித்ததில்லை. நான் உபயோகித்தேன். முதல் ரயிலில் போய், ஆடிவிட்டு, அடுத்த ரயிலில் ஆபீசுக்கு ஓடிவந்துவிடுவேன். அந்த மைதானத்தில் புல் கிடையாது. எல்லாம் கடல்மணல், முள்செடி, நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு. மொத்தம் ஒன்பது குழிகள். ஒவ்வொரு குழியையும் சுற்றி எண்ணெய் ஊற்றிக் கெட்டிப்படுத்திய மணல் வட்டம் ஒன்று இருக்கும். பந்து அந்த வட்டத்துக்கு வந்தபின் உருட்டித்தான் குழியில் தள்ள வேண்டும். தள்ளி முடித்து வெளியேறும்போது, காலடித் தடம் போக, ஒரு கோணிச் சாக்கை ஒரு முறை வட்டத்தின் மேல் இழுத்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குச் சமமான மணல் கிடைக்க வேண்டுமே. இதுவும் எனக்குப் பிடித்த வழக்கம்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனிகளின் கோப்பைப் போட்டி அங்கே நடக்கும். துரைகள் மட்டும் ஆடுவது. அந்த வருஷம் எங்கள் கம்பெனி சார்பில் ஆட வேண்டியவருக்குக் காய்ச்சல். எஞ்சினியரிங் பிரிவில் புதிதாக வந்திருந்த சின்ன துரை நான் ஆடுவதைக் காலையில் ஒரு நாள் பார்த்திருந்தார். என் பெயரைச் சொன்னார். கமிட்டி பல நாள் பேசிவிட்டுச் சரி என்றது.

எங்கள் தலைமைக் குமாஸ்தா தண்டையார்பேட்டைக்காரர். துரைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் உள்ள கதவே அவர்தான். என்னைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ ஜெயிக்கணும்னு யாரும் கேக்கல. பேர் கெடாம வந்து சேரு, அது போதும்."

"ஜெயிச்சா என்ன சார் தப்பு?"

"பாத்தியா, இந்த வாய்தான் எனக்குப் பயம். இதக் கேட்டுக்க. நீ ஒழுங்கா நடந்துக்கிட்டா அடுத்த வருஷத்துலேர்ந்து நம்ம ஆளுங்களும் பேர் கொடுக்கலாம்னு நம்ம பெரிய துரை சொல்லியிருக்காரு. எல்லாக் கம்பெனிக்கும் சேத்துத்தான். கெட்ட பேர் வாங்கினா கதவு சாத்திடும். உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். அதுதான் இப்ப உன் கையில இருக்கு."

எனக்கு அது பெரிய பாரமாகத் தோன்றவில்லை. விதி எல்லாம் மனப்பாடம், கையும் வேகம். விதிப்படி நடக்கிறவனுக்கு எப்படிக் கெட்ட பேர் வரும் என்று நினைத்தேன். அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

போட்டி நாள் காலையில் கீற்றுக் கொட்டகையின் முன் எல்லோரையும் நிற்கவைத்துக் கமிட்டித் தலைவர் புது ஒழுங்குமுறைகளைப் படித்தார். அவர் ஒரு மரக் கம்பெனியின் பெரிய துரை. கனத்த சரீரம், பெரிய தொப்பி. ஆட்டத்தைத் தாமதிக்கிறவருக்கு, அவர் அடித்த அடிகளின் கணக்கில் இரண்டு அடி கூட்டப்படும். முன்னால் இருப்பவர்கள் நகரும் முன் பந்தை அடிக்கிறவர் நீக்கப்படுவார். கமிட்டியின் முடிவை எதிர்த்துப் பேசுகிறவரும் நீக்கப்படுவார். 'தாமதம்' என்ற சொல் வந்தபோது தலையைத் தூக்கி என்னைத் தேடிப் பார்த்தார். "நம் புதிய விருந்தாளிக்காக நிறுத்தி நிதானமாகப் படிக்கிறேன்" என்றார். சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இரண்டிரண்டு பேராகக் கிளம்பினோம். தலைவரும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் எங்களுக்கு நேர் முன்னால். பிறகு சின்ன துரையும் நானும். எங்களுக்குப் பின்னால் இரண்டு பாங்க் துரைகள். ஒன்பது குழிகளையும் குறைந்த அடிகளில் முடிக்கும் எட்டுப் பேர் மறுவாரம் ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. வெயில் ஏறினால் கடற்காற்று எழும்பிவிடும். எழும்பிய பிறகு அடிக்கிற பந்து எங்கே போகும் என்பது கடலுக்குத்தான் தெரியும். சீக்கிரம் ஆடி முடிப்பவனுக்குத்தான் அந்த மைதானத்தில் லாபம்.

என் மட்டைகளைத் தூக்கிவந்தவர் பக்கத்துக் குப்பத்து மீனவர். நாற்பது வயசுக்காரர், கடல் சரியில்லாத நாட்களில் இந்த வேலை. சுறுசுறுப்பாகத்தான் கிளம்பினோம். முதல் குழியிலேயே நின்றுவிட்டோம்.

தலைவர் பந்தை வட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, உருட்டுவதற்கு முன்னால் தம் ஆளைச் சாக்கு இழுக்கச் சொன்னார். பிறகு குனிந்து பார்த்தார். பிடிக்கவில்லை. மறுபடி இழுக்கச் சொன்னார். உருட்டினார், தவறியது. தம் காலடித் தடம் தமக்கே தடையாம், மறுபடி சாக்கு. ஆட்டம் முடிந்து பின்னால் வருகிறவருக்காக இழுக்க வேண்டிய சாக்கை, ஒவ்வொரு உருட்டலுக்கும் முன்னால் தமக்காக இழுக்கவைத்தார். முடிந்ததும் பின்னால் வருகிறவருக்கு இழுத்தாரா என்றால் அதுதான் இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தால் வட்டம் முழுக்க அவருடைய பூட்ஸ் தடம்.

"தொர பந்து ஆட வந்துகிறானா, மணலுக்கு முதுகு தேச்சுவுட வந்துகிறானா?" என்றார் என் மீனவர்.

"மெதுவா பேசு நைனா, கேக்கப் போகுது."

"கேட்டா இன்னா, பிரியவா போவுது? இந்நேரம் நான் மரத்த எறக்கி, வல வுட்டு, மீன் இஸ்து, ஏலம் போட்டுட்டு வந்துருப்பேன். அவன் அத்த வுட்டு நவுந்துருக்க மாட்டான்."

சின்ன துரை கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். அடுத்த குழியிலும் கொட்டினார். அதற்கடுத்த குழியில் கடிகாரத்தை என் பக்கம் திருப்பியே காட்டினார். தலைவருக்கு முன்னால் ஆள் நடமாட்டமே இல்லை. அவருக்கு முந்திப் போனவர்கள் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டார்கள். விதிப்படி எங்களுக்கு அவர் வழிவிட்டிருக்க வேண்டும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் நின்றோம், நடந்தோம், நின்றோம். ஆடும்போது கை சூடு ஆறக் கூடாது. எனக்கு ஒவ்வொரு முறையும் ஆறிப்போனது. இருந்தாலும் நன்றாகவே ஆடினேன். கோபத்தைப் பந்தின் மேல் காட்டினேன், பந்து கேட்டுக்கொண்டது.

ஐந்தாவது குழி கால்வாய்க் கரை மேட்டில் இருந்தது. அங்கே ஒரு குடை நட்டு, நாற்காலி போட்டு, நேரம் பார்க்கிறவர் உட்கார்ந்திருந்தார். பழைய கப்பல் காப்டன். யார் தாமதிக்கிறார்கள் என்று பார்த்துக் கமிட்டிக்குச் சொல்வது அவர் வேலை. ஆறாவது குழிக்கான ஆட்டம் அந்த மேட்டின் கீழிருந்து தொடங்கிச் சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் போகும். அவருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் ஆறாவது ஆட்டம் தொடங்கும் இடம் நன்றாகத் தெரியும். தோப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

தொடங்குமிடத்தில் போய் நின்றோம். தலைவர் தோப்புக்கு அப்பால், பந்து போகிற தூரத்துக்குள். அவர் நகராமல் நான் அடித்தால் என்னை நீக்கிவிடுவார்கள். காத்திருந்தோம். பின்னால் வந்த பாங்க் துரைகள் ஐந்தாவதை முடித்துவிட்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் மேட்டில் ஏறிக் காப்டனிடம் ஏதோ பேசினார்.

என் மீனவர் தோப்பு ஓரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு முகம் மாறித் திரும்பி வந்தார்.

"நைனா, அவன் பந்து எங்க வலையாண்ட பூந்துகிச்சு. மட்ச்சு வெச்ச வலைய பிரிச்சுகினு கீறான்."

தோப்புக்கு அந்தப் பக்கம் மணலில்தான் குப்பத்து ஆட்கள் வலையை உலர்த்தி, மறுநாள் கடலுக்கு மடித்துவைப்பார்கள். அந்த மடிப்பு ஒரு கணக்கு. கட்டுமரத்திலிருந்து விடும்போது சிக்காமல் வரிசையாக இறங்க வேண்டும். அதற்காக ஒரு சாயந்தரம் முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து மடிப்பது. பந்து வலையில் விழுந்தால் பக்கத்தில் வேறு பந்து போட்டு ஆடிக்கொள்ளலாம் என்று மைதானத்தின் சொந்த விதியே இருந்தது. தலைவர் அந்தப் பந்தே வேண்டும் என்று மடிப்பு மடிப்பாகப் பிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா?"

"நாஷ்டா துன்ற நேரம். நாளைக்கு எவன் கடலுக்குப் போவான்? அந்தத் தொர வந்து வல மடிப்பானா? சொம்மா பேஜாரு."

சின்ன துரையைப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தார். "ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே ஆகிவிட்டது" என்று அவரே சொன்னார். அவர் வாயால் சொன்னது இது. அந்த ஆங்கில வாக்கியம் சொல் மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் தோப்பைத் தாண்டிப் போனேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன். தொப்பியைக் கழற்றினேன். எனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஆங்கிலத்தில், ஐந்து நிமிஷம் கடந்துவிட்டது ஐயா, தேடிக்கொண்டிருக்கும்போது எங்களை முன்னே போக அனுமதிப்பீர்களா என்று கேட்டேன். தலைவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேல், தோப்பு ஓரம் வந்து நின்ற சின்ன துரையைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "உங்கள் ஆள் எப்போதும் இவ்வளவு அவசரக்காரன்தானா?"

சின்ன துரை சிரித்தார். பெரிய சிரிப்பில்லை. உதட்டோரம் மட்டும். அது போதுமாக இருந்தது.

திரும்பி வந்தேன். காப்டன் மேட்டிலிருந்து இறங்கி எனக்காகக் காத்திருந்தார். பின்னால் இருப்பவர்கள் புகார் செய்திருக்கிறார்கள், நீங்கள் ஆட்டத்தைத் தாமதித்திருக்கிறீர்கள், உங்கள் கணக்கில் இரண்டு அடி கூட்டுகிறேன் என்றார். எனக்கு முதலில் அர்த்தமே புரியவில்லை. தாமதமா? நானா?

"தோப்புக்கு அந்தப் பக்கம் வந்து பாருங்கள்" என்றேன். "பத்தடி நடந்தால் போதும்."

"என் நாற்காலி அந்த மேட்டில்தான் போடப்பட்டிருக்கிறது" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நேர்மையாகவே சொன்னார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் நான் நிற்கிறேன், என் பின்னால் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். நான் யாருக்காக நிற்கிறேன் என்பது அந்த நாற்காலியிலிருந்து தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரே காலையில், ஒரே குழியில், அரை நாழிகைக்குள், நான் அவசரக்காரன் என்று முன்னால் இருப்பவர் சொன்னார். தாமதக்காரன் என்று பின்னால் இருப்பவர் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் நான் மட்டையைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றேன்.

மீதிக் குழிகளைக் கடற்காற்றில் ஆடினேன். எப்படி ஆடினேன் என்று கேட்க வேண்டாம். ஆனாலும் முடிவில் கணக்குப் பார்த்தபோது, அந்த இரண்டு அடியைக் கூட்டாவிட்டால் எட்டுப் பேருக்குள் நான் இருந்தேன்.

கொட்டகையில் கமிட்டி கூடியது. பிரம்பு நாற்காலிகளில் நாலைந்து பேர், கையில் கண்ணாடி டம்ளர்கள். நடு நாற்காலியில் தலைவர். எவர் என் முன்னால் நின்று வழியை அடைத்தாரோ அவரே விசாரணைக்கும் தலைவர். நான் நின்றேன், நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. கொட்டகைக்கு வெளியே எங்கள் தலைமைக் குமாஸ்தா குடையை ஊன்றிக்கொண்டு நிற்பது கீற்றுச் சந்தில் தெரிந்தது. அவர் தண்டையார்பேட்டையிலிருந்து எனக்காக ரயிலேறி வந்திருந்தார்.

குற்றம் இரண்டு என்றார்கள். ஒன்று, ஆட்டத்தைத் தாமதித்தது. இரண்டு, முன்னால் ஆடுகிறவர்களை அவசரப்படுத்தியது. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தார்கள். அங்கே இருந்த ஒருவருக்காவது சிரிப்பு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

சின்ன துரையைக் கேட்டார்கள்: தலைவர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தேடினாரா?

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை" என்றார்.

காலையெல்லாம் அந்தக் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். என் பக்கம் திருப்பிக் காட்டிய மனிதர். தலைவர் மேலிருந்த கோபத்தைவிட இவர் மேல் எனக்கு வந்த கோபம் பெரிது. தலைவர் தடித்தனம் பண்ணினார், அது அவர் சுபாவம். இவர் நல்லவர். நல்லவராக இருந்துகொண்டே அதைச் சொன்னார்.

பிறகு தலைவர் குரலை இளக்கினார். புதியவன்தானே, வழக்கம் தெரியாமல் செய்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாம். 'அறியாமல் தாமதித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்' என்று ஒரு வார்த்தை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. இரண்டு அடி மட்டும் நிற்கும். ஒழுங்குக் குற்றம் பதிவாகாது. அடுத்த வருஷம் இந்தியர்களைச் சேர்ப்பது பற்றியும் கமிட்டி நல்ல எண்ணத்தோடு யோசிக்கும்.

கீற்றுச் சந்தில் தலைமைக் குமாஸ்தாவின் தலை மேலும் கீழும் ஆடியது. சொல்லு, சொல்லு என்று ஆடியது.

ஒரு வார்த்தைதான். எனக்கும் தெரிகிறது. அந்த வார்த்தைக்குப் பின்னால் எங்கள் ஆபீசிலும் மற்ற ஆபீசுகளிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் நான் என்ன சொல்லிக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள்? எங்கள் ஆட்கள் மந்தம், எங்களுக்கு நேரம் தெரியாது, விதி புரியாது என்று நானே சொல்லித் திறக்க வேண்டும். அப்படித் திறந்த கதவில் என் பின்னால் வருகிற ஒவ்வொருவனும் அந்த முத்திரையோடுதான் நுழைவான். அவன் எப்போது நின்றாலும், யாருக்காக நின்றாலும், அவன்தான் தாமதம்.

"நான் காத்திருந்தேன்" என்றேன். "தாமதிக்கவில்லை. யாருக்காகக் காத்திருந்தேன் என்பதை நடு நாற்காலியில் இருப்பவரைக் கேளுங்கள்."

ஒருவர் டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. தலைவர் கழுத்து சிவந்தது. கமிட்டியை எதிர்த்துப் பேசியதற்காக என்னை நீக்கியிருப்பதாகச் சொன்னார். நான் குனிந்து என் மூன்று மட்டைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே என் மீனவர் இல்லை. தோப்புப் பக்கம் பார்த்தேன். அவரும் இன்னொருவரும் மணலில் உட்கார்ந்து வலையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனேன்.

"இன்னா சொன்னாங்கோ நைனா?"

"தொரத்திட்டாங்க."

"நல்லதாப் போச்சு. இப்பிடி குந்து. அந்த முனைய புடி."

பிடித்தேன். கொஞ்ச நேரம்தான். தலைமைக் குமாஸ்தா குடையால் மணலைக் குத்திக்கொண்டே வந்துவிட்டார்.

ரயில் திருவொற்றியூரில் நின்றது. அங்கே கூட்டம் ஏறியது. ஒருத்தி கருவாட்டுக் கூடையை எங்கள் காலடியில் தள்ளினாள். அதற்குப் பிறகு தலைமைக் குமாஸ்தா ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்த. சொன்னா செத்தா போயிருப்பே?"

"பொய் சார் அது."

"பொய்னா என்ன? நான் முப்பது வருஷமா தினம் சொல்றேன். 'ஆமாம் சார், என் தப்புதான் சார்.' அதுல எத்தினி பேருக்கு வேல வாங்கிக் கொடுத்திருக்கேன் தெரியுமா? உனக்கும் அப்படித்தான் வாங்கினேன்."

அது எனக்குத் தெரியாது. ஒரு கணம் அடித்ததுபோல் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அப்ப இன்னும் முப்பது வருஷம் கழிச்சும் அதையேதான சார் சொல்லணும்?"

"நீ படிச்சவன். உன் கோவத்துக்கு மத்தவன் பட்டினி கிடக்கணும்."

"பந்து ஆடலன்னா யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க சார்."

கருவாட்டுக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா நைனா, பெரியவரு கையில போய் மல்லுக்கு நிக்கற. பந்துக்கா இம்மாஞ் சண்ட?" என்றாள். தலைமைக் குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்டையார்பேட்டையில் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை சின்ன துரை என் மேஜைக்கு வந்தார். காகிதம் பிரிக்காத புதுப் பந்து ஒன்றைப் பேனாத் தட்டில் வைத்து, தோளைத் தட்டிவிட்டுப் போனார். வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல், கையைத் திறக்கிறார். பந்தை ஆபீஸ் பியூன் கையில் கொடுத்து அவர் அறைக்கே திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு அவர் என்னைக் கண்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஆபீசில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். ஆட்டமே ஆடாதவர்கள், மட்டையையே தொடாதவர்கள், "எங்க சான்ஸையும் கெடுத்துட்டியேப்பா" என்றார்கள். நான் விளக்கினேன். தோப்பு எங்கே, நாற்காலி எங்கே, வலை எங்கே என்று பென்சிலால் மேஜை மேல் படம் போட்டே காட்டினேன். எல்லோரும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, ஒரு சாரி சொல்லியிருக்கலாம்" என்பார்கள். அந்த 'அதெல்லாம் சரி'யைக் கேட்டால் மேஜையைக் கவிழ்க்கலாமா என்றிருக்கும்.

கதவு சாத்திவிடும் என்றார்களே, சாத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அடுத்த வருஷம் கமிட்டியிலிருந்து எங்கள் பெரிய துரையிடம் சொன்னார்கள்: நல்ல நடத்தையுள்ள இந்தியர் ஒருவரை அனுப்பலாம். ஒரே நிபந்தனை. அவர் எல்லோருக்கும் பின்னால், கடைசியாகக் கிளம்ப வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்; ஆகவே அவரால் யாருக்கும் தாமதம் நேராது. நான் பெயர் கொடுத்தேன். தலைமைக் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, சரக்குப் பிரிவில் இருந்த இன்னொரு குமாஸ்தாவின் பெயரை எழுதிக்கொண்டார். அவன் என்னைவிட ஒரு வயசு சின்னவன். மட்டையைச் சரியாகப் பிடிக்கவே தெரியாது. அவனுக்கு நான் கற்றுக்கொடுக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

போட்டிக்கு மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவனைச் சுற்றி ஒரே கூட்டம். தலைமைக் குமாஸ்தாவும் வெற்றிலைப் பெட்டியோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப மரியாதையா நடத்தினாங்கப்பா" என்றான் அவன். "ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. என் பாட்டுக்கு ஆடினேன்."

"எப்ப கெளம்பின?" என்றேன்.

"பதினொண்ணு இருக்கும்."

"காத்து?"

"அய்யோ, அத ஏன் கேக்கற. ஒரு பந்து நேரா கால்வாய்க்குள்ள. இன்னொண்ணு எங்க போச்சுன்னே தெரியல." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "ஆனா கொட்டகைக்குத் திரும்பினப்ப எனக்குன்னு ஒரு டம்ளர் எலுமிச்சம்பழ ரசம் எடுத்து வெச்சிருந்தாங்க. மத்தவங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"பாத்தியா?" என்று தலைமைக் குமாஸ்தா என்னைப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு என்னிடம் நேரடியாகப் பேசியது அதுதான். "எவ்வளவு சுலபம்."

"அடுத்த வருஷமும் கடைசிதானா சார்?"

"கடைசின்னா என்ன? ஆடறோமா இல்லியா?"

எல்லோரும் அவரோடு சேர்ந்து தலையாட்டினார்கள். அந்தச் சின்னவன் இன்னும் சந்தோஷமாகவே இருந்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. என் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே கிடங்குக்குப் போய், மூட்டை மேல் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன்.